இராமலிங்க விலாசத்துக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும் சுற்றுலாப் பேருந்துகள் இராமநாதபுரம் பக்கம் திரும்பும். அநேகமாக எல்லாப் பேருந்துக்கும் ஒரே அட்டவணைதான். விடியற்காலையில் இராமேஸ்வரம், தீர்த்தமாடல், மூன்றாம் பிரகாரம். அப்புறம் தனுஷ்கோடி. வழியில் பேக்கரும்பில் கலாம் நினைவிடம், பாம்பன் பாலத்தில் ஒரு படம். திரும்பும்போது நேரம் மிஞ்சினால் இராமநாதபுரம் அரண்மனை. நேரம் மிஞ்சுவதே இல்லை. மாலையில், கதவைச் சாத்தப் போகிற வேளையில், ஒரு பஸ் பிள்ளைகளும் மொத்தமாக உள்ளே நுழைகிறார்கள். "இங்கேதான் கட்டபொம்மன் ஜாக்சன் துரையைச் சந்தித்தார்" என்று ஒரு வரி. ஒரு குரூப் போட்டோ. பிறகு பஸ். அவசரக் கோலம் அள்ளித் தெளித்த கதைதான்.

சேதுச் சீமையின் வரலாற்றோடும் பழங்கட்டடங்களோடும் பழகி வருகிறவர்கள் நாங்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: அந்த அரண்மனையின் பழைய மாளிகையான இராமலிங்க விலாசத்தை அட்டவணையின் வாலிலிருந்து தலைக்குக் கொண்டுவாருங்கள், அதன் சுவரைப் படிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். மதுரைப் பக்கமிருந்து வரும் பேருந்து எப்படியும் இராமநாதபுரத்தைத் தாண்டித்தான் இராமேஸ்வரம் போக வேண்டும். இராமேஸ்வரம் கோயிலுக்கு இன்னும் ஏறக்குறைய 55 கிலோமீட்டர் இருக்கிறது. காலையில் பிள்ளைகளின் கால் ஓயவில்லை, தலை ஈரமில்லை, மனசு புதுசாக இருக்கிறது. அரண்மனையை முதலில் பார்த்துவிட்டுப் போனால், மூன்றாம் பிரகாரத்தில் நடக்கும்போது 'இதைக் கட்டியவர்கள் வீட்டிலிருந்துதான் வருகிறோம்' என்று அவர்களுக்கே தோன்றும். மாற்றிப் போனால் தோன்றாது. 18-ஆம் நூற்றாண்டில், இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களில் ஒருவரான முத்துராமலிங்க சேதுபதி பெயரோடு முடிந்த பிரகாரம் அது. கட்டியவர் யாரென்று தெரியாமல் நடந்தால் அது நீளமான தாழ்வாரம், அவ்வளவுதான்.

கிளம்புமுன் பார்க்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இராமலிங்க விலாசம் மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில், அகழ்வைப்பகமாக இருக்கிறது. திறக்கும் நேரம், வார விடுமுறை, மாணவர் கட்டணம், படம் எடுக்க அனுமதி உண்டா என்பதையெல்லாம் முன்கூட்டியே அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் நேரத்தை நம்பி வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போகும் பள்ளிகள் உண்டு. அரண்மனை வளாகம் முழுவதும் அருங்காட்சியகம் கிடையாது. அரச குடும்பத்தின் குடியிருப்பும், ராஜராஜேஸ்வரி அம்மன் கோயிலும் அதே மதிலுக்குள் இருக்கின்றன. வீட்டுப் பக்கம் பிள்ளைகள் ஓடாமல் பார்த்துக்கொள்வது நம் மரியாதை. ஊருக்குள் வழி கேட்க வேண்டியதே இல்லை. 'அரண்மனை' என்றால் போதும். கடைத்தெருவுக்கே அதுதான் பெயர்.

ஒரு வகுப்பை மொத்தமாக உள்ளே விடாதீர்கள். பதினைந்து பேருக்கு ஒரு ஆசிரியர் என்று பிரியுங்கள். ஒரு பிரிவு ஓவியங்களைப் பார்க்கும்போது இன்னொன்று ஆயுதங்கள் இருக்கும் பக்கம் நிற்கட்டும். மூன்றாவது வெளியே உட்கார்ந்து கட்டடத்தின் முகப்பை வரையட்டும். ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிடம் கொடுத்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். முதுகுப்பை, தண்ணீர்ப் பாட்டில், குடை எல்லாம் பஸ்ஸிலேயே இருக்கட்டும். 'ஃபிளாஷ் அடிக்காதே' என்று எல்லோரும் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஓவியத்துக்கு ஃபிளாஷைவிடப் பெரிய எதிரி முதுகுப்பைதான். பையை மாட்டியிருக்கும் பிள்ளை திரும்பும்போது தன் முதுகு எங்கே முடிகிறதென்று அதற்குத் தெரியாது. ஜிப்பும் பக்கிளும் சுவரில் உரசினால் முந்நூறு ஆண்டு வண்ணம் தூளாகக் கொட்டும். எழுதப் பென்சில் மட்டும் கொடுங்கள். பேனா கையில் இருந்தால் எங்காவது ஒரு தூணில் ஒரு பெயர் ஏறிவிடும். ஏற்கெனவே ஏறியிருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக் காட்டுவார்கள்.

வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் விளக்கத் தொடங்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடமாவது வேண்டும். அதற்குமுன் 'அதோ பார்' என்றால் 'ஆமா சார்' என்பார்கள், ஒன்றும் தெரிந்திருக்காது. அந்த ஐந்து நிமிடத்தில் கட்டடத்தின் அமைப்பை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். உயர்ந்த மேடை, முன்னால் அரசவை கூடும் கொலு மண்டபம், அதைத் தாண்டி உள்மண்டபம், அதற்கும் உள்ளே சிறிய அறை. 'இதே வரிசையை வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். கோயில் என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என்ற கோயில் வரிசையிலேயே ஓர் அரசன் தன் மாளிகையைக் கட்டி, அதற்கு இராமேஸ்வரத்து இறைவன் பெயரையும் வைத்திருக்கிறான். கருவறை இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது ராமர் பீடம் என்ற கல் பீடம். சேதுபதிகளுக்கு முடிசூட்டு நடந்தது அதன் மேல்தான். சேதுவைக் காப்பதும் இராமநாதரைச் சேவிக்க வருகிறவர்களைக் காப்பதும் தங்கள் பட்டத்தின் காரணம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். அதைக் கல்வெட்டில் எழுதியதோடு நிற்காமல் வீட்டின் அமைப்பிலேயே கட்டி வைத்தார்கள். பாடநூலில் ஒரு பத்தி எடுத்துக்கொள்ளும் இந்தச் செய்தியை நடந்தே புரிந்துகொள்ளலாம்.

இனி காலவரிசை. குழப்பமெல்லாம் இங்கேதான். 1605-இல் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் சடைக்கத் தேவருக்குச் சேதுபதி உரிமையை அளித்தபோது தலைநகர் போகலூர். அதை இராமநாதபுரத்துக்கு மாற்றி, கோட்டையும் இராமலிங்க விலாசமும் எழுப்பியவர் ரகுநாத கிழவன் சேதுபதி. 1702-இல் ராணி மங்கம்மாள் அனுப்பிய மதுரைப் படையை முறியடித்தவரும் அவரே. 1710-இல் காலமானார். சுவரோவியங்கள் அவர் காலத்தவை அல்ல. அவருக்குப் பின் வந்து 1725 வரை ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தவை. கட்டியவர் ஒருவர், தீட்டச் செய்தவர் இன்னொருவர். 'கிழவன் சேதுபதி வரைந்த ஓவியங்கள்' என்று பல பள்ளிக் குறிப்பேடுகளில் ஒரே வரியாக எழுதிவிடுகிறார்கள்.

இந்த 1725 என்ற எண்ணைப் பிள்ளைகள் மனத்தில் பதித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 'வேலு நாச்சியார் படம் எங்கே இருக்கு மிஸ்?' என்று கட்டாயம் ஒரு குழந்தை கேட்கும். நல்ல கேள்வி. உடனே பதில் சொல்லாதீர்கள். வேலு நாச்சியார் செல்லமுத்து சேதுபதியின் மகளாக, இந்த அரச குடும்பத்தில் பிறந்தது 1730-இல். 'அப்படியானால் இந்தச் சுவரில் அவர் இருக்க முடியுமா?' என்று திருப்பிக் கேளுங்கள். கட்டபொம்மனும் இருக்க முடியாது, 19-ஆம் நூற்றாண்டின் பாஸ்கர சேதுபதியும் இருக்க முடியாது. சிவகங்கை என்ற தனி அரசே அப்போது கிடையாது. மறவர் சீமை ஐந்து பங்காகப் பார்க்கப்பட்டு, மூன்று பங்கு இராமநாதபுரமாகவும் இரண்டு பங்கு சிவகங்கையாகவும் பிரிந்தது 1730-ஐ ஒட்டித்தான். ஒரு ஓவியத்தின் காலத்தை வைத்து அதில் எது இருக்க முடியாது என்று கழித்துப் பார்ப்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

கண் பழகிவிட்டது, இனிச் சுவருக்கு வருவோம். ராமாயணத்தின் பால காண்டம், கண்ணன் கதை, சைவ வைணவத் திருவுருவங்கள் ஒரு பக்கம். சேதுபதியின் கொலு, வேட்டை, அந்தப்புரம், தஞ்சை மராத்தியரோடு போர் என்று அரசியல் இன்னொரு பக்கம். ராஜராஜேஸ்வரி அம்மன் மன்னருக்குச் செங்கோல் அருளும் காட்சியும் உண்டு. அதைப் பார்த்தபின் வெளியே அம்மன் கோயிலுக்குப் போனால், சுவரில் இருந்த தெய்வம் அங்கே இன்னும் பூசையில் இருப்பது பிள்ளைகளுக்குப் புரியும்.

தொப்பியும் இறுக்கமான மேல்சட்டையும் போட்ட ஐரோப்பியரை மன்னர் கொலுவில் சந்திக்கும் காட்சியிடம் ஒரு நிமிடம் நில்லுங்கள். 'வெள்ளைக்காரன்' என்றதும் பிள்ளைகள் ஆங்கிலேயன் என்று முடிவுகட்டிவிடுவார்கள். சில வழிகாட்டிகளும் அப்படித்தான். 1725-க்கு முந்தைய இந்தக் கரையை நினைத்துப் பாருங்கள். தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் 1658-இலேயே போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போய்விட்டன. முத்துக்கும் சங்குக்கும் துணிக்கும் சேதுபதிகளோடு பேரம் பேசியவர்களில் அவர்களே முன்னால் நின்றார்கள். ஆங்கிலேயர் இங்கே அதிகாரமாக வருவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு இருக்கிறது. யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், யார் கை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பிறகு 1798-க்கு வரும்போது இந்தக் காட்சி கைகொடுக்கும்.

ஓவியங்களுக்குக் கீழே தமிழில் விளக்க வரிகள் இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. கவனித்தவர்களும் 'பழைய எழுத்து, படிக்க முடியாது' என்று நகர்ந்துவிடுகிறார்கள். முடியும். மூன்று வழக்கங்களை வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள். அக்கால எழுத்தில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் வைப்பதில்லை. குறில் எகர ஒகரத்துக்கும் நெடில் ஏகார ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை; வீரமாமுனிவர் செய்த திருத்தம் எங்கும் பரவ இன்னும் காலமிருந்தது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். ஆகவே 'சேதுபதி' என்பது 'செதுபதி' என்று நிற்கும். 'கோட்டை' என்பதில் கொம்பு ஒற்றையாக இருக்கும், காலும் ரகரம் போலத் தெரியும், டகரம் இரண்டும் புள்ளியில்லாமல் நிற்கும். 'ராமன்' என்று எழுதியிருந்தால் கண்ணுக்கு 'ரரமன' என்று தெரியும். கரும்பலகையில் பத்துச் சொற்களை இந்த மாதிரி எழுதிப்போட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். முதலில் சிரிப்பார்கள். அரைமணி நேரத்தில் வேகம் பிடித்துவிடுவார்கள், ஏனென்றால் சொல் அவர்களுக்குத் தெரிந்த சொல்தான்.

அரண்மனையில், பத்துப் பேருக்கு ஒரு வரி என்று கொடுத்துவிட்டு, தெரியும் எழுத்தைத் தெரிந்தபடியே பென்சிலால் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அழிந்த இடத்தில் எத்தனை எழுத்து இருந்திருக்கும் என்று பார்த்து அத்தனை புள்ளி வைக்கட்டும். திருத்தி எழுத விடாதீர்கள். முதலில் படி, அப்புறம்தான் பொருள். வழக்கமாக நடக்கும் தப்பு, ஒரு பிள்ளை 'இது தசரதன்' என்று ஊகித்துவிட்டு அதற்கேற்ப எழுத்தைக் கண்டுபிடிப்பது. அதைத் தடுக்க, எழுதுகிறவர் ஒருவராகவும் படித்துச் சொல்கிறவர் இன்னொருவராகவும் இருக்கட்டும். சுவருக்கும் மூக்குக்கும் இடையே மூன்றடி இருக்க வேண்டும். கை நீட்டி எழுத்தைத் தொட்டுக் காட்டும் பழக்கத்துக்கு ஆசிரியரே முதல் குற்றவாளி, கோபிக்காதீர்கள். சுட்டிக்காட்ட விரல் போதாதென்றால் எதிர்ப்பக்கம் நின்று 'இடமிருந்து மூன்றாவது ஆள், காலுக்குக் கீழே' என்று சொல்லிப் பழகுங்கள். பிள்ளைகளும் அப்படியே பேசத் தொடங்கிவிடுவார்கள்.

சுவர் ஏன் உதிர்கிறது என்பதற்கு வருவோம். வரலாற்று ஆசிரியர்கள் இதை அறிவியல் ஆசிரியரிடம் தள்ளிவிடாதீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து செய்ய வேண்டிய பாடம் இது. இந்த ஓவியங்கள் சுண்ணாம்புக் காரைப் பூச்சு காய்ந்தபின் அதன்மேல் பசையில் குழைத்துத் தீட்டிய வண்ணங்கள். காவி, மஞ்சள் போன்ற மண் நிறங்களை வெளிச்சம் சுலபத்தில் வெளுக்காது. அவற்றைக் கொல்வது உப்பு. தரையிலிருந்து ஓதம், அதாவது நிலத்து ஈரம், சுவருக்குள் ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு ஏறுகிறது. சுவரின் மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். தங்குகிற இடம் வண்ணப் படலத்துக்குச் சற்றே உள்ளே. படிகமாக வளரும்போது வண்ணத்தை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. இது போதாதென்று கடற்காற்று வேறு உப்பைக் கொண்டுவந்து தடவுகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே கசிந்து கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். இந்தக் கரையில் இரவில் மேலே, பகலில் கீழே என்று அந்தக் கோட்டைக் காற்று அடிக்கடி தாண்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒரு சின்னத் தள்ளு. மழை பெய்யாத மாதத்திலும் சுவர் உதிர்வது இதனால்தான். ஒரு சின்ன அறைக்குள் அறுபது பேர் நின்று மூச்சு விட்டாலும் ஈரப்பதம் ஏறும். பதினைந்து பேர் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம்.

பழங்கட்டடத்தில் உதிர்ந்த இடத்தைச் சிமெண்ட் வைத்துப் பூசினால் என்ன ஆகும் என்பதைப் பள்ளியிலேயே செய்து காட்டலாம். சுற்றுலாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தொடங்குங்கள். சூளையில் சுட்ட நாட்டுச் செங்கல் இரண்டு எடுத்து நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். ஒன்றின் கீழ்ப் பாதியைச் சுற்றிலும், ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக் களிக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்றுமணல் சேர்த்து அரை அங்குலக் கனத்தில் பூசுங்கள். மற்றதன் கீழ்ப் பாதிக்கு ஒன்றுக்கு நான்கு சிமெண்ட் கலவை. இரண்டிலும் மேல் பாதி வெறும் செங்கலாகவே இருக்கட்டும். கொத்தனார்கள் பழைய முறையில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சேர்ப்பார்கள். இந்தச் சோதனைக்கு அது தேவையில்லை. சுண்ணாம்பை ஒரு வாரம் தினமும் நீர் தெளித்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். மூன்று வாரம் ஆனதும் வேப்பம் பிசின் கரைத்த நீரில் காவிப்பொடியைக் குழைத்து இரண்டு பூச்சின் மேலும் ஒரு பட்டை தீட்டுங்கள். அது காய்ந்தபின் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் உப்பு, ஏறக்குறைய கடல்நீரின் அளவு, கரைத்துத் தட்டில் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஊற்றி, இரண்டு செங்கலையும் அதில் நிறுத்துங்கள். குறையக் குறைய அதே உப்புநீரை ஊற்றி வாருங்கள்.

சில வாரங்களில் சுண்ணாம்புப் பூச்சின் மேலேயே வெள்ளையாக உப்புப் பூக்கும், காவி பொரிந்து வரும். சிமெண்ட் பூச்சு பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அதற்கு மேலே உள்ள வெறும் செங்கலைப் பாருங்கள்: வெளியேற வழியில்லாத ஈரம் அங்கே ஏறி, செங்கல் தானே தூளாகும். கீழே சிமெண்ட் பூசினால் ஓதம் மேலே உள்ள ஓவியத்துக்கு ஏறும் என்பதை இனி நீங்கள் விளக்கத் தேவையில்லை. சோதனை கெடுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். மூடிய அறையில் வைத்தால் நீர் ஆவியாகாது, ஒன்றும் நடக்காது. காற்றோட்டமுள்ள, மழைச்சாரல் படாத தாழ்வாரம் வேண்டும். சாம்பல் செங்கல், கான்கிரீட் கல் எடுத்தால் அவை நாட்டுச் செங்கல் போல நீரை உறிஞ்சாது. சுண்ணாம்பை ஆசிரியர்தான் கலக்க வேண்டும், கையுறையோடு, கண்ணுக்குக் காப்போடு. நீற்றாத கல் சுண்ணாம்பைப் பள்ளிக்குள் கொண்டுவரவே வேண்டாம். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும்.

இதைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் அரண்மனைச் சுவரில் ஓதக் கோடு எங்கே நிற்கிறது என்று தாங்களே தேடுவார்கள். காவலரிடம் அனுமதி பெற்று ஒரு டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்வாக அடித்தால் நேர்வெளிச்சத்தில் தெரியாத புடைப்பும் பொருக்கும் நிழலோடு எழுந்து தெரியும். ஒரே ஒரு டார்ச், ஆசிரியர் கையில், சில வினாடி. அவ்வளவு போதும்.

கடைசியாகக் கட்டபொம்மன். அவரை முதல் வரியாக வைக்காதீர்கள் என்கிறோமே தவிர விட்டுவிடச் சொல்லவில்லை. 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சன், பல ஊர்களுக்கு அலைக்கழித்தபின், கட்டபொம்மனைச் சந்தித்தது இங்கே. சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. கோட்டை வாசல் சண்டையில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார், கட்டபொம்மனின் அமைச்சர் தானாபதிப் பிள்ளை பிடிபட்டார். விசாரணைக்குப் பின் ஜாக்சன் பதவி இழந்தார். வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: சேதுபதியின் மாளிகையில் கலெக்டருக்கு என்ன வேலை? வீட்டுக்காரர் எங்கே?

வீட்டுக்காரர் சிறையில் இருந்தார். 1772-இல் ஆற்காட்டு நவாபும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியும் சேர்ந்து கோட்டையைப் பிடித்தபோது முத்துராமலிங்க சேதுபதி சிறுவன். தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் திருச்சிக் கோட்டையில் அடைக்கப்பட்டார். 1781-இல் விடுபட்டு நாட்டை ஆண்டார். கம்பெனியோடு ஒத்துப்போகவில்லை. 1795-இல் மறுபடி பிடித்து, பட்டத்தைப் பறித்து, திருச்சியிலும் பிறகு சென்னையிலும் சிறை வைத்தார்கள். 1809-இல் சிறையிலேயே உயிர் போயிற்று. கட்டபொம்மன் படியேறியபோது இந்தச் சுவர்களின் சொந்தக்காரர் மூன்று ஆண்டாகக் காவலில். ஓவியத்தில் ஐரோப்பியன் மன்னரைப் பார்க்க வந்து நின்ற அதே மாளிகையில், முக்கால் நூற்றாண்டுக்குள், வரச்சொல்லி ஆளனுப்பும் இடத்துக்கு ஐரோப்பியன் வந்துவிட்டான். இரண்டு காட்சியையும் ஒரே இடத்தில் நிறுத்திக் காட்ட முடிகிற இடம் தமிழ்நாட்டில் வேறெங்கும் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. கட்டபொம்மனோடு முத்துராமலிங்கரையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1803-இல் அவர் சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாருக்கு ஜமீன் சன்னது (உரிமைப் பத்திரம்) கிடைத்தது. அரசு ஜமீனாகச் சுருங்கியது அப்படித்தான்.

பாஸ்கர சேதுபதியை விவேகானந்தரோடு சேர்த்து ஒரு நிமிடம் சொன்னால் போதும். 1897 ஜனவரி 26 அன்று சுவாமிகள் கரையிறங்கிய குந்துகால் பாம்பனில்தான் இருக்கிறது. அங்கே போகும்போது விரிவாகச் சொல்லிக்கொள்ளலாம். சுரங்கப்பாதைக் கதையை மட்டும் தயவுசெய்து நீங்களே தொடங்கிவைக்காதீர்கள். எந்த அரண்மனைக்குப் போனாலும் ஒரு சுரங்கம் உண்டு. இந்த மணல் பூமியில், கடலுக்கு அடியில், இராமேஸ்வரம் வரை தோண்ட வேண்டுமென்றால் ஊற்றுநீரை எங்கே கொட்டுவது என்று பிள்ளைகளையே கேட்டுப்பாருங்கள்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால், கிழவன் சேதுபதி காலத்தின் மற்ற முகங்களையும் காட்டலாம். தெற்கே சுமார் 17 கிலோமீட்டரில் கீழக்கரை. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று நாம் சொல்லும் அந்த வள்ளல் கிழவன் சேதுபதியின் நெருங்கிய நண்பர். அங்குள்ள பழைய ஜும்மாப் பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்த்தால் கோயில் தச்சரின் கை தெரியும். தொழுகை நேரம் தவிர்த்து, முன்கூட்டியே ஜமாஅத்தாரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். வடக்கே ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று கிறிஸ்தவப் பாதிரியார் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்டார், இதே சேதுபதி ஆட்சியில். வள்ளலோடு நட்பும் ஓரியூர்த் தண்டனையும் ஒரே மன்னருடையவை. இரண்டையும் சொல்லுங்கள், ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் மாணவர்கள் பின்னால் வேறு யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்வார்கள், அப்போது உங்களை நம்ப மாட்டார்கள். கீழக்கரையும் ஓரியூரும் எதிரெதிர்த் திசை. ஒரே நாளில் இரண்டையும் திணிக்க வேண்டாம்.

மாதத்தைப் பொறுத்தவரை ஜனவரியும் பிப்ரவரியும் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த உடையோடு உள்ளே போவது சுவருக்கும் நல்லதில்லை, பிள்ளைகளுக்கும் நல்லதில்லை. நவராத்திரியில் ராஜராஜேஸ்வரி அம்மன் கோயிலில் கூட்டம் இருக்கும். விழாவைப் பார்க்க வருவதென்றால் வாருங்கள், சுவர்ப் பாடத்தை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் எழுதிக்கொண்டு போன விளக்க வரிகளை மதிப்பெண் போட்டு மூலையில் கட்டிவைத்துவிடாதீர்கள். எந்த மண்டபம், எந்தச் சுவர், எந்தத் தேதி என்று மேலே குறித்துப் பள்ளி நூலகத்தில் ஒரே கோப்பாகச் சேர்த்து வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அதே வரியைப் பார்த்து, எந்த எழுத்து இன்னும் இருக்கிறது, எது போய்விட்டது என்று ஒப்பிடட்டும். போய்விட்டதென்று தெரிந்தால் அந்தத் தாளின் நகலோடு தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். பள்ளி முத்திரையோடு, சுவரும் இடமும் குறித்து.

இப்படிக்கு,
சேதுச் சீமை வரலாற்று ஆர்வலர்கள் சிலர்,
இராமநாதபுரம்